நட்பைப் படத்தில் சொல்வது எப்படி? ரைனா டெல்கமையர் வாசித்தவையும் நம் பிள்ளைகள் வரைபவையும்

ஆயர் ஈத்தாம் வாசகி (பினாங்கு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் சனிக்கிழமை காலைதோறும் பிள்ளைகளுக்கான ஒரு சிறிய வாசிப்பு வட்டத்தை நடத்தி வருகிறேன். பத்து வயதிலிருந்து பதினான்கு வயது வரை ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள். ஐவர் இன்னும் தமிழ்ப்பள்ளியில் படிப்பவர்கள். மற்ற நால்வர் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டவர்கள். அந்த நால்வரில் ஒருத்தி என் அண்ணன் மகள். இந்தக் கேள்வியே ஏறக்குறைய அவளால் எழுந்ததுதான் என்பதால் அவளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவளும் அவளுடைய தோழியும் முதலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் அடுத்தடுத்து உட்கார்ந்து படித்தவர்கள். இந்த ஆண்டு இருவரும் ஒரே இடைநிலைப்பள்ளிக்குத்தான் சென்றார்கள். ஆனால், மலாய்மொழியில் அடைவு போதவில்லை என்று தோழியை, முதல் படிவத்துக்கு முன் ஓராண்டு படிக்க வேண்டிய புகுமுக வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். என் மருமகள் நேராக முதல் படிவத்துக்குப் போய்விட்டாள். பெரியவர்களுக்கு இது ஓராண்டு வித்தியாசம், அவ்வளவுதான். இருவருக்கும் சண்டை எதுவும் நடக்கவில்லை. ஆயினும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் எதிரெதிரே வந்தால், ஒருத்தி தண்ணீர்ப் புட்டியைத் திறப்பதும் மற்றவள் காலணி நாடாவைக் குனிந்து பார்ப்பதுமாகக் கடந்து போய்விடுகிறார்கள் என்று அதே பள்ளியில் படிக்கும் இன்னொரு பிள்ளை என்னிடம் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் ரைனா டெல்கமையரின் ‘ஸ்மைல்’ என்ற வரைகலை நாவலை வட்டத்துக்குக் கொண்டுவந்தேன். 2010இல் வெளிவந்த இந்நூல், சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்த அவருடைய சொந்தக் கதை. ஆறாம் வகுப்பில் படிக்கும்போது கீழே விழுந்து முன்பற்கள் சேதமாகி, அதன்பின் பல ஆண்டுகள் பல் மருத்துவர்களிடம் அலைந்ததைச் சொல்கிறார். இடையில் 1989ஆம் ஆண்டின் நிலநடுக்கமும் வருகிறது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பல்லும் பெரிதாகப் படவில்லை, நிலநடுக்கமும் பெரிதாகப் படவில்லை. தன்னை ஓயாமல் கேலி செய்யும் பழைய தோழியர் கூட்டத்தை விட்டு அந்தப் பெண் ஒரு நாள் விலகிப் போய்விடுகிறாள் அல்லவா, அதைப் பற்றியே ஒரு மணி நேரம் வாதாடினார்கள். “மறுபடியும் சேர மாட்டார்களா, டீச்சர்?” என்று பத்து வயதுப் பையன் ஒருவன் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் இருந்த வெற்றுத் தாளையும் புரட்டிப் பார்த்தான்.

அதற்கு அடுத்த வாரம், நட்பைப் பற்றி நான்கு கட்டங்களில் ஒரு கதை வரையுங்கள் என்றேன். எட்டுத் தாள்களிலும் ஒரே கதைதான்: சந்திக்கிறார்கள், விளையாடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், கைகுலுக்குகிறார்கள். இரண்டு தாள்களின் அடியில் ‘நட்பே உயர்ந்தது’ என்று அழகான கையெழுத்தில் எழுதியும் இருந்தது. என் மருமகள் நான்கு கட்டங்களை அளவுகோல் வைத்து நேர்த்தியாகப் போட்டு, உள்ளே ஒன்றும் வரையாமல் கொடுத்தாள்.

எனக்கு இரண்டு கேள்விகள். டெல்கமையர் எவற்றை வாசித்து வளர்ந்ததால் இப்படிச் சொல்லக் கற்றுக்கொண்டார்? நம் பிள்ளைகளை அந்தக் கைகுலுக்கலிலிருந்து வெளியே கொண்டுவர நான் என்ன செய்யலாம்? சித்திரக்கதைகளில் தோய்ந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

செந்தூல் சித்திரக்காரன் (கோலாலம்பூர்) எழுதியது:

வணக்கம் அக்கா. விளம்பர நிறுவனங்களுக்குக் கதைப்பலகை வரைந்து பிழைப்பவன் நான். இரவில் எனக்காகச் சித்திரக்கதை வரைகிறேன். உங்கள் கேள்வி என் தொழிலுக்குள்ளேயே இருப்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவருடைய வாசிப்பு. டெல்கமையர் 1977இல் பிறந்தவர். நாளிதழ்களில் வரும் சித்திரத் தொடர்களைப் படித்து வளர்ந்த தலைமுறை அது. தம்மைப் பாதித்தவையாக அவர் சொல்பவற்றுள் ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ உண்டு. லின் ஜான்ஸ்டன் என்ற கனடிய ஓவியர் வரைந்த குடும்பத் தொடரான ‘ஃபார் பெட்டர் ஆர் ஃபார் வொர்ஸ்’ உண்டு. பெவர்லி கிளியரியின் சிறுவர் நாவல்களும் உண்டு. இவற்றோடு, ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது ஆறு வயதுச் சிறுவனாக இருந்து உயிர் தப்பிய கெய்ஜி நகாசாவாவின் ‘பேர்ஃபுட் ஜென்’ சித்திரக்கதை நூலையும் அவர் சிறு வயதிலேயே படித்திருக்கிறார். அவருடைய தந்தை கையில் கொடுத்த நூல் அது.

இந்தப் பட்டியலில் நகாசாவா மட்டும் பொருந்தாதவர்போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேடிக்கைக்காக வாங்கும் பொருள் என்று நாம் நினைக்கும் சித்திரக்கதை, ஒரு பிள்ளையை உட்கார்ந்து அழவைக்கும் வலிமை கொண்டது என்பதை அவர் அங்கேதான் கண்டிருக்க வேண்டும். பல் உடைந்த கதையை அவர் வேடிக்கையாகவே சொல்கிறார், ஆனால் அந்த வலியைக் கேலியாக்குவதில்லை.

லின் ஜான்ஸ்டனிடம் இருப்பது வேறொரு பாடம். நாளிதழ்த் தொடர்களில் பாத்திரங்களுக்குப் பெரும்பாலும் வயது ஏறாது. ஆனால் 1979இல் தொடங்கிய அவருடைய தொடரில் பிள்ளைகள் வாசகர்களோடு சேர்ந்து வளர்ந்தார்கள். பாத்திரங்களுக்கு வயது ஏறத் தொடங்கினால் நட்புக்கும் வயது ஏறும். சில நட்புகள் தேய்வதையும் கதைக்காரர் காட்டியே ஆக வேண்டும். உங்கள் பத்து வயதுப் பையன் வெற்றுத் தாளைப் புரட்டியதற்குப் பதில் அங்கே இருக்கிறது.

கிளியரி எழுத வந்ததற்கு முன் நூலகராக இருந்தவர். எங்களைப் போன்ற பிள்ளைகளைப் பற்றிய புத்தகங்கள் எங்கே என்று நூலகத்தில் ஒரு சிறுவன் கேட்டதுதான் அவரை எழுத வைத்தது. சனிக்கிழமைதோறும் உங்கள் முன் உட்காரும் ஒன்பது பேரும், வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், அதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இனி வரைவதற்கு வருகிறேன். ‘ஸ்மைல்’ நூலாவதற்கு முன்பே, தாம் சிறுமியாக விரும்பிப் படித்த, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்யும் சிறுமிகளைப் பற்றிய ‘பேபி சிட்டர்ஸ் கிளப்’ நாவல் வரிசையிலிருந்து நான்கு கதைகளை 2006 முதல் 2008 வரை டெல்கமையர் சித்திரக்கதைகளாக்கினார். என் கணிப்பில் அவருடைய உண்மையான பயிற்சிக்கூடம் அதுதான். அக்கதைகளில் சிறுமிகள் கிளாடியா என்பவளின் அறையில் கூடுவார்கள், ஏனென்றால் அவளுக்குத்தான் தனித் தொலைபேசி இணைப்பு இருக்கிறது. தலைவி கிறிஸ்டி எப்போதும் ஒரு மடக்கு நாற்காலியில் அமர்ந்திருப்பாள். கிளாடியா தின்பண்டங்களை அறையெங்கும் ஒளித்து வைத்திருப்பாள். ஒரே அறை, அதே பிள்ளைகள், மீண்டும் மீண்டும் கூட்டம். வரைகிறவனுக்கு இது பெரிய சோதனை. யார் கட்டிலில் உட்காருகிறாள், யார் தரையில், யார் யாருடைய தோளில் சாய்கிறாள், இன்று யார் கதவருகே ஒதுங்கியிருக்கிறாள் என்பவற்றைக் கொண்டே அன்றைய மனநிலையைச் சொல்லியாக வேண்டும். வசனப் பலூனில் ‘எனக்குக் கோபம்’ என்று எழுதுவது எளிது. ஒரு சாண் தள்ளி உட்காரவைப்பது கடினம். அந்த ஒரு சாணைத்தான் பிள்ளைகள் நம்புவார்கள்.

நம் ஊரிலேயே இதற்கு ஆசான் ஒருவர் இருக்கும்போது சான் பிரான்சிஸ்கோவோடு ஏன் நிறுத்திக்கொள்ள வேண்டும்? மலேசியக் கேலிச்சித்திரக்காரர் லாட்டைச் சொல்கிறேன். பேராக்கில் 1951இல் பிறந்து, ‘பீனோ’, ‘டேண்டி’ ஆகிய பிரிட்டிஷ் சித்திர இதழ்களைப் பார்த்து வளர்ந்தவர். பதின்மூன்று வயதில், 1964இல், அவருடைய முதல் சித்திரக்கதையைப் பதிப்பகம் ஒன்று இருபத்தைந்து வெள்ளி கொடுத்து வாங்கியது. அதன் பெயர் ‘தீகா செகாவான்’, அதாவது மூன்று நண்பர்கள். 1979இல் வந்த ‘கம்போங் பாய்’ நூலை எல்லாரும் அறிவார்கள். உங்கள் வட்டத்துக்கு நான் சிபாரிசு செய்வது அதைத் தொடர்ந்து 1981இல் வந்த ‘டவுன் பாய்’. கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, ஈப்போ நகருக்கு வந்த மலாய்ச் சிறுவனுக்கும் ஃபிராங்கி என்ற சீனச் சிறுவனுக்கும் ஏற்படும் நட்பு அதில் இருக்கிறது. ஃபிராங்கியின் பெற்றோர் நடத்தும் கோப்பிக் கடையின் மாடியில் எல்விஸ் பிரஸ்லியின் பாட்டை ஓடவிட்டு, இல்லாத கித்தாரைக் கையில் பிடித்துக்கொண்டு இருவரும் வாசிக்கிறார்கள். இன ஒற்றுமை என்று ஒரு சொல்கூடக் கிடையாது. அதே பொருளில் நம் பள்ளிச் சுவர்களில் வரையப்படும் படங்களில் மூன்று பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள்; எனக்கு அவர்களைப் பார்த்தால் புகைப்படக்காரர் எப்போது விடுவார் என்று காத்திருப்பதுபோல் இருக்கும். லாட்டின் பையன்கள் நம்மைப் பார்ப்பதில்லை. அவர்களுக்குப் பாட்டுதான் முக்கியம்.

ஆகவே என் யோசனை இதுதான். அடுத்த வாரம் பிள்ளைகளிடம் நண்பர்களை வரையச் சொல்லாதீர்கள். இரண்டு நண்பர்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு பொருளை மட்டும் வரையச் சொல்லுங்கள். முகம் கூடாது, வசனம் கூடாது, கைகுலுக்கல் அறவே கூடாது. மருமகளின் வெற்றுக் கட்டங்களைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள். வந்த ஒன்பது தாள்களில் எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

பிறைவாசி எழுதியது:

சித்திரக்காரத் தம்பி சொன்ன ‘நடுவில் இருக்கும் பொருள்’ என்னை ஐம்பது வயதுக்கு மேல் எங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது, அம்மா. எனக்கு டெல்கமையரைத் தெரியாது. நான் சிவகாசிக்காரன். பிறந்த ஊரைச் சொல்லவில்லை. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் அங்கிருந்து வந்தவை என்பதால் சொல்கிறேன். நான் பிறந்தது பிறை என்ற ஊருக்கு அப்பால் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில், லயத்து வீட்டில்.

அடுத்த கதவு நண்பனும் நானும் காசு சேர்த்துக்கொண்டு, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் அக்கரைக்குப் போய், ஜார்ஜ் டவுனில் தமிழ்ப் பத்திரிகைகள் விற்கும் கடை ஒன்றில் காமிக்ஸ் வாங்குவோம். ஆளுக்குப் பாதிப் பணம் என்பதால் புத்தகம் இருவருக்கும் சொந்தம். வீடு வந்து சேரும்வரை பொறுமை ஏது? திரும்பும் ஃபெரியிலேயே மேல்தட்டில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தை இருவரும் படிப்போம். நான் வேகமாகப் படிப்பேன். அவன் படத்தையும் பார்ப்பான், எழுத்தையும் கூட்டிக் கூட்டிப் படிப்பான். நான் பக்கத்தின் வலது கீழ்மூலையைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். அவன் தலையை ஆட்டிய பிறகுதான் திருப்ப வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள சட்டம். என்னிடம் இன்றும் இருக்கும் பழைய புத்தகங்களில் அந்த மூலைகள் மட்டும் வியர்வைபட்டுப் பழுப்பேறி மடிந்திருக்கின்றன.

எங்களுக்கு மிகவும் பிடித்தவர் டெக்ஸ் வில்லர். 1948இல் இத்தாலியில் பிறந்த அந்தக் கௌபாயை இன்றுவரை தமிழ் வாசகர்கள் கைவிடவில்லை. துப்பாக்கிச் சண்டைக்காகத்தான் படிக்கிறோம் என்று அந்த வயதில் நினைத்தோம். இப்போது எடுத்துப் படித்தால் டெக்ஸும் கிட் கார்சனும் குதிரைமேல் போய்க்கொண்டே ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ளும் பக்கங்களில்தான் நிற்கிறேன். வெள்ளிமுடியாரான கார்சன் எப்போதும் ஏதாவது குறை சொல்லிக்கொண்டே இருப்பார்; ஆனாலும் ஒரு தடவைகூட ‘நான் வரவில்லை’ என்று பின்தங்கியது கிடையாது.

தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு அவன் குடும்பம் ஜொகூருக்குப் போய்விட்டது. சண்டையும் இல்லை, பிரிவு உபசாரமும் இல்லை. எனக்கு வரையத் தெரிந்திருந்தால் அந்தக் கட்டைவிரலைத்தான் வரைவேன்.

குறள்நேசி (பிரிக்பீல்ட்ஸ்) எழுதியது:

மேலே எழுதிய மூவரோடும் பெரும்பாலும் உடன்படுகிறேன்; ஒரு செய்தியில் மட்டும் மாறுபடுகிறேன். பிரிந்தவர் சேர்வதுதான் நம் மரபு, விலகிப் போவது வெளியிலிருந்து வந்தது என்பதுபோல ஓர் எண்ணம் கேள்வியின் அடியில் ஓடுகிறது. திருக்குறளைச் சற்றே புரட்டினால் அப்படிச் சொல்ல முடியாது. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று எழுபத்தொன்பதாம் அதிகாரத்திலிருந்து அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் இருக்கின்றன. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்வது பெரும்பாலும் முதல் அதிகாரத்தை மட்டும். கடைசி இரண்டும், அதாவது ஐம்பதில் இருபது குறள்கள், யாரிடமிருந்து விலக வேண்டும் என்பதையே பேசுகின்றன.

அவற்றுள் 820ஆம் குறளைப் பாருங்கள்: ‘எனைத்தும் குறுகுதல் ஓம்பல் மனைக்கெழீஇ மன்றில் பழிப்பார் தொடர்பு.’ வீட்டுக்குள் உறவாடிவிட்டுப் பலர் கூடிய இடத்தில் பழிப்பவர்களுடைய தொடர்பை எள்ளளவும் அணுகவிடாதே என்கிறார். ‘ஸ்மைல்’ நூலின் தோழியர் செய்வது அச்சாக இதுதான். படுக்கையறையில் ஒன்றாகச் சிரித்தவர்கள் பள்ளி வளாகத்தில் அவளைக் கேலிப்பொருளாக்குகிறார்கள். அங்கே அவள் விலகியது சரி என்பதை வள்ளுவரை வைத்தே உங்கள் பிள்ளைகளுக்கு விளக்கலாம்.

ஆனால் அதற்கு முன்பே, பழைமை அதிகாரத்தில், 805ஆம் குறள் இருக்கிறது: ‘பேதைமை ஒன்றோ பெருங்கிழமை என்றுணர்க நோதக்க நட்டார் செயின்.’ நண்பர்கள் நோகும்படி ஒன்றைச் செய்தால், அறியாமையால் செய்தார்கள் என்றோ மிகுந்த உரிமையால் செய்தார்கள் என்றோ எடுத்துக்கொள் என்பது இதன் பொருள். இரண்டு குறள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது 805, எது 820 என்று பிள்ளைகளையே வாதாடவிடுங்கள். வேறுபாடு ‘மன்றில்’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது என்பது என் எண்ணம். அவர்கள் வேறு விதமாகக் கண்டுபிடித்தாலும் நல்லதுதான். உங்கள் மருமகளின் கதை, நீங்கள் சொன்ன அளவில், இரண்டிலும் அடங்கவில்லை. அங்கே யாரும் யாரையும் நோகடிக்கவில்லை. ஒரு மதிப்பெண் தாள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. முன்னால் போனவளுக்குக் கூச்சம், பின்தங்கியவளுக்கு வெட்கம். இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி மௌனமாகத்தான் தெரியும்.

இத்தகைய மௌனத்தை வரைய முடியுமா என்று கேட்டால், புறநானூறு ஒரு படம் தருகிறது. கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருக்கும்போது, தன்னை நேரில் கண்டேயிராத புலவர் பிசிராந்தையார் கட்டாயம் வருவார் என்கிறான். சுற்றியிருந்தவர்கள் நம்பவில்லை. 216ஆம் பாட்டில் நண்பரின் அன்பைச் சொல்லிவிட்டு, கடைசியில் ‘ஒழிக்க அவற்கு இடமே’ என்று முடிக்கிறான். அவருக்கு ஓர் இடத்தை விட்டுவையுங்கள். இதற்கு மேல் அந்த நட்பைப் பற்றி அவன் வாயால் எதுவும் சொல்லத் தேவையில்லை. சித்திரக்காரத் தம்பி முகம் கூடாது, வசனம் கூடாது என்றார். இங்கே ஆளே இல்லை, அமரும் இடம் மட்டும் இருக்கிறது.

செந்தூல் சித்திரக்காரன் எழுதியது:

குறள்நேசி அவர்களே, அந்தப் புறநானூற்று வரியை என் மேசைக்கு மேல் எழுதி ஒட்டிவிட்டேன். பிறைவாசி ஐயா, உங்கள் கட்டைவிரலை நான் வரைந்துகொள்ள அனுமதி வேண்டும்.

அக்கா, ஒரு தொழில் குறிப்பு மட்டும். பிள்ளைகள் நான்கு கட்டங்களையும் ஒரே அளவில் போடுவதால்தான் சந்திப்புக்கும் சண்டைக்கும் ஒரே எடை வந்துவிடுகிறது. அளவுகோலைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஒரு கட்டத்தை மற்ற மூன்றும் சேர்ந்த அளவுக்குப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தைப் பெரிதாக்குவது என்று அவர்கள் யோசிக்கத் தொடங்கும் இடத்தில்தான் கதை தொடங்கும்.

ஆயர் ஈத்தாம் வாசகி எழுதியது:

உங்கள் அனைவருக்கும் நன்றி. இரண்டு சனிக்கிழமைகள் கழிந்துவிட்டன. நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதல் சனிக்கிழமை 805ஐயும் 820ஐயும் கரும்பலகையில் எழுதினேன். ‘மன்றில்’ என்ற சொல்லுக்குப் பொருள் சொன்னவுடன், “அப்படியென்றால் வாட்ஸ்அப் குழுவும் மன்றம்தானா?” என்று பதினான்கு வயதுப் பையன் கேட்டான். அதன்பின் எனக்கு வேலையே இருக்கவில்லை. பிள்ளைகளே பேசித் தீர்த்தார்கள், தீர்க்கவும் இல்லை. குழுவில் எல்லாரும் பார்க்கப் போட்டது 820, தனிச் செய்தியில் அனுப்பியது 805 என்று ஒரு தரப்பு. தனியாக அனுப்பியதை இன்னொருவர் படம்பிடித்துப் பரப்பினால் அது யார் குற்றம் என்று மறு தரப்பு. ஐஸ் மைலோ தீர்ந்த பிறகும் சத்தம் ஓயவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை அளவுகோல்களைப் பிடுங்கி வைத்துவிட்டு, நடுவில் இருக்கும் பொருளை வரையச் சொன்னேன். முதல் பதினைந்து நிமிடம் எல்லாரும் பந்தையே வரைந்தார்கள். பந்து வேண்டாம் என்றேன். பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. ஒரு பையன் ஒரே வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தில் சம்பலை மட்டும் பென்சில் கோட்டால் இரண்டாகப் பிரித்திருந்தான். நெத்திலி முழுவதும் ஒரு பக்கம் கிடந்தது. இன்னொருத்தி கோயில் வாசலில் கிடக்கும் இரண்டு சோடிச் செருப்புகளை வரைந்து, ஒவ்வொரு சோடியிலும் ஒன்று மற்றவளுடையது என்று நிறத்தால் காட்டியிருந்தாள். வெற்றுத் தாளைப் புரட்டிய பத்து வயதுப் பையன் பாட்டுக் கேட்கும் காதுக்கருவி ஒன்றை வரைந்தான். இரண்டு முனைகளும் தாளின் இரண்டு ஓரங்களை நோக்கிப் போய் வெளியே மறைந்துவிடுகின்றன. ‘டவுன் பாய்’ நூலை அவனுக்கு இன்னும் காட்டவேயில்லை. பிரதி ஒன்று நண்பர் மூலம் கோலாலம்பூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

பிறைவாசி ஐயா, உங்கள் பதிவைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஜொகூரில் தேடிப் பார்த்தீர்களா என்று கேட்கச் சொன்னார்கள். நான் கேட்டுவிட்டேன், பதில் சொல்வது உங்கள் விருப்பம்.

என் மருமகள் கடைசியாகக் கொடுத்தாள். மூன்று சிறிய கட்டங்கள், ஒரு பெரிய கட்டம். சிறிய கட்டங்களில் பள்ளி மணி, படிக்கட்டு, சிற்றுண்டிச்சாலையின் வரிசை. பெரிய கட்டத்தில் ஒரு நீண்ட பலகை, பின்னாலிருந்து பார்ப்பதுபோல. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலைப்பின்னல் மட்டும் தெரிகிறது. அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அமரும் அளவுக்கு இடம் விட்டு, அந்த இடத்தில் தண்ணீர்ப் புட்டியை நிறுத்தி வைத்திருக்கிறாள். கோப்பெருஞ்சோழனைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. வகுப்பில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன், குறள் வாதத்தில் நேரம் போய்விட்டது.

ஒன்பது தாள்களையும் சேர்த்துப் பிரதியெடுத்துச் சிறு நூலாகத் தைக்கப் போகிறோம். தன்னுடைய தாளை அதில் சேர்க்க வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். ஆனால் பிரதியெடுக்கும் கடைக்குப் போகும்போது அதையும் எடுத்துப்போய், ஒரே ஒரு பிரதி மட்டும் எடுத்துத் தரும்படி கேட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.